துணைக்கு ஐரோப்பியப் பாஸ்போர்ட், குடியேறுவது மூன்றாவது நாட்டில்

டச்சுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட இந்தியர் ஒருவர் அவரோடு நெதர்லாந்தில் குடியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஏறுவதற்கு முன்பே டச்சு மொழியும் சமூக அறிவும் சோதிக்கும் தேர்வில் பாஸாக வேண்டும். மனைவியின் சம்பளம் அரசு வைத்த வரம்பைத் தாண்ட வேண்டும். அதே தம்பதி எல்லை தாண்டி ஜெர்மனியில் வீடு பிடித்தால் தேர்வு கிடையாது, சம்பள வரம்பு கிடையாது, விசாக் கட்டணமும் கிடையாது. ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டவருக்கு இது தலைகீழ். ஜெர்மனிக்குள் போக ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் கேட்பார்கள், நெதர்லாந்துக்குப் போனால் ஒரு வார்த்தை டச்சுகூடத் தெரிய வேண்டியதில்லை.

கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். காரணம் எளிது. தன் சொந்தக் குடிமகனின் வெளிநாட்டுத் துணையை எப்படி நடத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டுச் சட்டப்படி முடிவு செய்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவர் தன் நாட்டை விட்டு ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் குடியேறினால், அவருக்கும் கூட வரும் குடும்பத்துக்கும் பொருந்துவது ஒன்றியத்தின் சட்டம். 2004 ஏப்ரல் 29 தேதியிட்ட 2004/38/ஈசி உத்தரவு அது. 27 நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனிலும் செல்லும். சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. பிரிட்டன் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தக் கணக்கில் இல்லை.

டென்மார்க்கில் 2002 முதல் தம்பதியர் இருவருக்குமே 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதனால் டேனிஷ்காரர்கள் பலர் துணையோடு ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனின் மால்மோவில் குடியேறினார்கள். இதில் குறுக்குவழியோ ஏமாற்றோ எதுவும் இல்லை. குடிபெயரும் உரிமையைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

ஆக முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஆவணத்தை அல்ல, துணையின் குடியுரிமையை. போகும் நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருக்கிறதா? இரட்டைக் குடியுரிமைக்காரர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். பிறந்ததிலிருந்து பிரிட்டனை விட்டு நகராத ஒருவர், பிறகு வாங்கிய ஐரிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கணவருக்கு இந்த உரிமை கேட்டார். 2011-ல் மெக்கார்த்தி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் முடியாது என்றது. பாஸ்போர்ட் மட்டும் போதாது, ஆள் நகர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் உரிமை, அங்கே போன பிறகு தரும் ரெசிடென்ஸ் கார்டிலிருந்து (குடியிருப்பு அட்டை) வருவதல்ல. திருமணமும் துணையின் குடிபெயர்வும் சேர்ந்த அன்றே அது பிறந்துவிடுகிறது, கார்டு அதற்குச் சாட்சி மட்டும்தான். கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இதிலிருந்து வருபவை.

திருமணச் சான்றிதழில்தான் ஆரம்பச் சிக்கல்

தமிழர்களின் கோப்பு அதிகம் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் குமார் என்பது பெயர், செல்வம் என்பது குடும்பப் பெயர். திருமணச் சான்றிதழில் எஸ். குமார் என்று இனிஷியலோடு நிற்கும். பிறப்புச் சான்றிதழில் வெறும் குமார். நமக்கு மூவரும் ஒருவரே, ஐரோப்பிய அலுவலரின் கண்ணுக்கு மூன்று ஆட்கள். இதை அபாஸ்டில் வாங்குவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். அபாஸ்டில் என்பது சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா தவறா என்று அது பார்ப்பதில்லை. தப்பான பெயருக்கு அபாஸ்டில் ஒட்டினால் தப்புக்குத்தான் முத்திரை விழும்.

வரிசையும் முக்கியம். முதலில் பெயர்த் திருத்தம், பிறகு அபாஸ்டில், கடைசியில் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை முதலில் செய்துவிட்டால் அபாஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மறுபடி காசு கொடுத்துச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் போகும் நாட்டில் பதிவுசெய்த, சத்தியப்பிரமாணம் எடுத்தவராக இருந்தால் கேள்வி வராது. பழைய சான்றிதழையே நம்பிப் போகாதீர்கள். சில அலுவலகங்கள் கடைசி மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதியைக் கேட்கும்.

திருமணம் ஒன்றியத்துக்குள் நடந்திருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. 2019 பிப்ரவரி 16 முதல் ஓர் உறுப்பு நாடு கொடுத்த திருமணச் சான்றிதழுக்கு இன்னொரு உறுப்பு நாடு அபாஸ்டில் கேட்கக் கூடாது. கூடவே பன்மொழிப் படிவம் ஒன்றும் கேட்டு வாங்கலாம், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

விசா: சுற்றுலா வரிசையில் நிற்க வேண்டாம்

துணையோடு சேர்ந்து போகிறவருக்கும், ஏற்கெனவே அங்கே இருக்கும் துணையிடம் போய்ச் சேருகிறவருக்கும் நுழைவு விசாவை இலவசமாக, விரைவான நடைமுறையில் கொடுக்க வேண்டும் என்கிறது உத்தரவின் 5-ஆம் பிரிவு. நான்கு வாரத்துக்கு மேல் இழுப்பது நியாயமல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 2009-லேயே எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) 2024 ஜூன் முதல் 90 யூரோ, உங்களுக்குப் பூஜ்யம். விண்ணப்பம் வாங்கும் தனியார் மையத்துக்குப் போனால் அவர்களுடைய சேவைக் கட்டணம் உண்டு. ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நேராகக் கான்சுலேட்டில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கையில் வேண்டியவை உங்கள் பாஸ்போர்ட், துணையின் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், துணையும் கூட வருகிறார் அல்லது அங்கே இருக்கிறார் என்பதற்கு ஏதாவது அடையாளம். கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் டிக்கெட்டும் போதும், அங்கே வேலை கிடைத்திருந்தால் ஒப்பந்த நகல். பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங், பயணக் காப்பீடு, திரும்பி வரும் டிக்கெட் எதுவும் தேவையில்லை. ஷெங்கன் படிவத்தைக் கவனித்துப் பார்த்தால் சில கட்டங்களில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தார் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத் துணையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கேட்கும் கட்டத்தை நிரப்புங்கள். பலர் பயத்தில் எல்லாவற்றையும் நிரப்பி, வேலை, வருமானம், தங்குமிடம் என்று ஆவணமும் அடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கோப்பு சாதாரணச் சுற்றுலா விண்ணப்பமாக மாறி, திரும்பி வருவீர்களா என்ற சந்தேகத்தில் நிராகரிக்கப்படுகிறது. குடியேறப் போகிறவரிடம் திரும்பி வருவாயா என்று கேட்பதே அபத்தம்.

கவுன்டரில் அடிக்கடி வரும் இன்னொரு பதில்: நீங்கள் அங்கேயே தங்கப் போகிறீர்கள், ஆகவே நீண்டகால விசாதான் எடுக்க வேண்டும். இது தவறு. ஸ்பெயின் இப்படிக் குடியிருப்பு விசா கேட்டதற்காக 2005-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது. குறுகிய கால விசாவில் போய், அங்கே இறங்கிய பிறகு ரெசிடென்ஸ் கார்டுக்கு விண்ணப்பிப்பதுதான் முறை. அதற்கு முன்பு வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து கேட்டுவந்தது. 2008 ஜூலை 25-ல் வந்த மெட்டோக் தீர்ப்பு அதையும் எடுத்துவிட்டது.

விசா இல்லாமல் எல்லையில் போய் நின்றாலும், உறவை நிரூபிக்க நியாயமான வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள். எல்லைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் விமான நிறுவனமே போர்டிங் பாஸ் தராது. ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் அபராதம் அவர்கள் தலையில்.

மூன்று மாதத்துக்குப் பிறகு பாரம் துணையின் மேல்

முதல் மூன்று மாதம் பாஸ்போர்ட் போதும், யாரும் வருமானம் கேட்க முடியாது. அதற்குப் பிறகு துணை ஏதாவது ஒரு தகுதியில் நிற்க வேண்டும்: வேலை செய்பவர், சுயதொழில் செய்பவர், படிப்பவர், அல்லது சொந்தக் கையிருப்பில் வாழ்பவர். நால்வரில் வேலை செய்பவர்தான் பலமான நிலை. முழுநேர வேலை என்று அவசியமில்லை. நெதர்லாந்தில் வாரம் பன்னிரண்டு பாடம் மட்டும் எடுத்துவந்த ஜெர்மன் இசை ஆசிரியர் கெம்ப், பற்றாக்குறைக்கு அரசு உதவியும் வாங்கியிருந்தும், தொழிலாளிதான் என்று 1986-ல் தீர்ப்பானது. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், பெயருக்கு எழுதிக்கொண்டதாக இருக்கக் கூடாது.

கையிருப்பில் வாழ்பவர், படிப்பவர் என்றால் இரண்டு பேருக்கும் முழு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணக் காப்பீட்டைக் காட்டினால் எடுபடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் கார்டு எப்படியோ கிடைத்துவிடும், ஐந்து வருஷம் கழித்து நிரந்தர உரிமை கேட்கும்போது நடுவில் இரண்டு வருஷம் காப்பீடு இல்லையே என்று அந்த இரண்டு வருஷத்தைக் கழித்துவிடுவார்கள். கையிருப்பு எவ்வளவு என்பதற்கு ஒரே தொகையை எல்லோருக்கும் நிர்ணயிக்கக் கூடாது, ஆளின் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்பது 8-ஆம் பிரிவு. பணம் துணையுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்கலாம் என்று 2015-ல் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

துணைக்கு வேலை போய்விட்டால் என்ன செய்வது? அன்றைக்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருந்து, தானாக விடாமல் வேலை போயிருந்தால், பதிவு இருக்கும்வரை தொழிலாளி என்ற தகுதி நீடிக்கும். ஒரு வருஷத்துக்குக் குறைவென்றால் குறைந்தது ஆறு மாதம். பதியாமல் வீட்டில் உட்கார்ந்தால் தகுதி போய்விடும், கூடவே உங்களுடையதும்.

கார்டு

சில நாடுகளில் துணை தன் பங்குக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஜெர்மனி 2013-லும் ஸ்வீடன் 2014-லும் ஒன்றியக் குடிமக்களுக்கான தனிப்பதிவைக் கைவிட்டன. ஜெர்மனியில் எல்லோரையும் போல முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிவது மட்டும் உண்டு, ஆன்மெல்டுங் என்பார்கள். ஸ்பெயினில் துணை முதலில் தன் பச்சைச் சான்றிதழை இஎக்ஸ்-18 படிவத்தில் வாங்க வேண்டும், அதைக் காட்டித்தான் நீங்கள் இஎக்ஸ்-19 படிவம் போட முடியும். அயர்லாந்தில் துணைக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு ஈயூ1 படிவம். பல நாடுகளில் வீட்டு ஆவணம் இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது, முகவரிப் பதிவு இல்லாமல் கார்டு நகராது. அதனால் முதல் மாதச் சக்தி முழுவதையும் பதிவு செய்ய அனுமதிக்கும் ஒரு வீடு பிடிப்பதில் போடுங்கள். தங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பெயர் பதிய முடியாது என்று சொல்லும் வீட்டுக்காரரின் வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கார்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு, வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொடுத்த உடனே ரசீது போன்ற ஒரு சான்று தர வேண்டும். அதை விடாமல் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் கார்டு வர வேண்டும், அதன் ஆயுள் ஐந்து வருஷம், அல்லது துணை தங்கப்போகும் காலம் அதைவிடக் குறைவென்றால் அதுவரை. சொந்தக் குடிமக்கள் அடையாள அட்டைக்குக் கட்டுவதைவிட அதிகம் வாங்கக் கூடாது. காத்திருக்கும்போது கையில் இருந்த விசா காலாவதியானால் பதறாதீர்கள், உரிமை விசாவில் தொங்கவில்லை. வேலையும் செய்யலாம். 23-ஆம் பிரிவு அந்த உரிமையை நேரடியாகவே தருகிறது. முதலாளிக்கு இது புரியாது, கார்டைக் காட்டு என்பார். அந்த ரசீதுதான் அப்போது உதவும்.

கார்டு கைக்கு வந்ததும் தலைப்பு வரியைப் படியுங்கள். 2021 ஆகஸ்ட் 2 முதல் அச்சாகும் கார்டுகளில் ‘ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10 டிஐஆர் 2004/38/ஈசி’ என்று இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் சாதாரண உள்நாட்டுக் குடியிருப்பு அனுமதியைக் கையில் திணித்து அனுப்பிய கதைகள் ஏராளம். பெரும்பாலும் தப்பான படிவத்தைக் கொடுத்ததால் வருவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு பிளாஸ்டிக். வித்தியாசம் பிறகு தெரியும். 10-ஆம் பிரிவுக் கார்டு உள்ளவர் துணையோடு போகும்போது மற்ற உறுப்பு நாடுகளுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்த மாட்டார்கள். குறிப்பாக, ஷெங்கனில் சேராத அயர்லாந்தின் கார்டு வைத்திருப்பவர் ஷெங்கனுக்குள் போகும்போது இந்த வரி சோறு போடும். துணை கூட இல்லாமலும், அவரிடம் போய்ச் சேராமலும் தனியாகச் சுற்றப் போனால் இந்தச் சலுகை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறு மாதம் தாண்டியும் கார்டு வரவில்லையா? வக்கீலுக்கு முன்னால் சோல்விட் சேவையை முயன்று பாருங்கள். 2002 முதல் எல்லா உறுப்பு நாடுகளிலும் இயங்கும் இலவச ஏற்பாடு அது, பத்து வாரத்துக்குள் அலுவலகத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். வழக்குத் தொடுத்துவிட்டால் அவர்கள் கை வைக்க மாட்டார்கள், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் சோல்விட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது, அவர்களிடம் போவதால் கெடு நிற்பதில்லை.

போலித் திருமணச் சந்தேகம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். எல்லாத் தம்பதியரையும் வரிசையாகச் சோதிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, நியாயமான சந்தேகம் வந்தால்தான் விசாரிக்கலாம். விசாரித்தால் இருவரையும் தனித்தனி அறையில் ஒரே நேரத்தில் உட்காரவைத்துக் கேட்பார்கள். உண்மையான தம்பதியரும் இதில் மாட்டுவதுண்டு, ஒருவர் முதலில் சந்தித்த வருஷத்தை மாற்றிச் சொல்லிவிடுவதால். விண்ணப்பத்தில் எழுதியதன் நகல் ஒன்றை வீட்டில் வைத்து இருவரும் படித்துவிட்டுப் போங்கள்.

பிரிவு வந்தால்

எழுதப் பிடிக்காத பகுதி, ஆனால் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. சண்டை போட்டு வேறு வீட்டுக்குப் போனதால் மட்டும் உரிமை போகாது. ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, 1985-லேயே டியாட்டா வழக்கில் தீர்ந்த விஷயம். விவாகரத்துக்குப் பிறகும் உரிமை நீடிக்க, விவாகரத்து நடவடிக்கை தொடங்குவதற்கு முன் திருமணம் குறைந்தது மூன்று வருஷம் நீடித்திருக்க வேண்டும், அதில் ஒரு வருஷமாவது அந்த நாட்டில். குழந்தையின் பொறுப்பு உங்களிடம் இருந்தாலோ, வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ இந்த மூன்று வருஷக் கணக்கு இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விவாகரத்து மனு போடும் நாளில் துணை அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். அவர் முதலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டு, பிறகு மனுப் போட்டால், அவர் கிளம்பிய நாளோடு உங்கள் உரிமையும் கிளம்பிவிட்டது. மேலே சொன்ன அதே 2015 சிங் தீர்ப்புதான் இதையும் சொன்னது. துணை கிளம்பப் போகிறார் என்று தெரிந்தால் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு வன்முறை வழக்கில் மட்டும், துணை போன பிறகும் நியாயமான காலத்துக்குள் மனுப் போட்டால் உரிமை தங்கும் என்று 2021-ல் தளர்த்தியிருக்கிறார்கள். துணை இறந்துவிட்டால், அதற்கு முன் நீங்கள் அங்கே ஒரு வருஷம் வசித்திருந்தால் போதும்.

ஐந்து வருஷம் தொடர்ந்து சட்டப்படி வசித்துவிட்டால் உரிமை உங்கள் சொந்தக் காலில் நிற்க ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஆறு மாதம்வரை வெளியே இருக்கலாம். பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற காரணத்துக்கு ஒரே ஒருமுறை பன்னிரண்டு மாதம்வரை. நிரந்தரக் கார்டுக்கு முதல் கார்டு காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். அது பத்து வருஷக் கார்டு. தொடர்ந்து இரண்டு வருஷம் அந்த நாட்டில் இல்லாமல் இருந்தால்தான் அந்த உரிமை போகும்.

துணையின் சொந்த நாட்டுக்குத் திரும்புவது

இதற்கு வழி திறந்தவர் ஓர் இந்தியர், மேலே சொன்ன 2015 வழக்கின் சிங் அல்ல, வேறொருவர். சுரிந்தர் சிங் 1982-ல் பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார், இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். 1992 ஜூலை 7-ல் வந்த தீர்ப்பின்படி, இன்னொரு உறுப்பு நாட்டில் வாழ்ந்து திரும்பும் குடிமகனின் துணையைச் சொந்த நாடும் ஒன்றியச் சட்டப்படியே ஏற்க வேண்டும். மொழித் தேர்வும் வருமான வரம்பும் இங்கேயும் கழன்றுவிடும். திரும்பிய பிறகு துணைக்கு வேலை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் வார இறுதிகளில் போய் வந்ததெல்லாம் வசித்ததாகாது என்று 2014-ல் தெளிவாக்கிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல், துணை மேலே சொன்ன ஏதாவது தகுதியில் இருந்தபடி, இருவரும் உண்மையாகவே குடும்பம் நடத்தியிருக்க வேண்டும். சொந்த நாட்டு அலுவலகம் இதைக் கடுமையாகவே பார்க்கும், ஏனென்றால் தன் விதியைத் தாண்டிப் போய்விட்டு வருகிறார்கள் என்ற சந்தேகம் அங்கேதான் அதிகம். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும், சம்பளச் சீட்டுகள், மின்கட்டண ரசீது, டாக்டரிடம் பதிந்த கடிதம், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் அங்கே இருக்கும்போதே மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். வீட்டைக் காலி செய்த பிறகு பழைய ரசீது கேட்டால் எந்த நிறுவனமும் எளிதில் தராது. திரும்பும்போது துணை முதலில் போய், நீங்கள் ஒரு வருஷம் கழித்து வருவது என்று திட்டம் போட வேண்டாம். அவர் திரும்பியதன் தொடர்ச்சியாகவே நீங்களும் வந்தீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். முடிந்தால் ஒரே விமானத்தில் ஏறுங்கள்.